பலெர்மோவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்

மாமூல் கும்பல்களை ஒடுக்கும் வழிகளைப் பார்த்துவர ஓர் அதிகாரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் கோப்பு பெரும்பாலும் தலைகீழாகத்தான் பிறக்கிறது. முதலில் ஊர் முடிவாகும். பிறகு அதற்கேற்ற காரணம் எழுதப்படும்.

நம் தொல்லை எது என்று முதலில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். கடைக்காரர்களிடம் மாத வசூல் என்றால் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ. தொழிற்சங்கத்துக்குள் கும்பல் புகுந்துவிட்டது என்றால் கும்பல் குற்றங்களுக்கு எதிராக 1970-இல் ரிக்கோ சட்டம் இயற்றிய அமெரிக்கா. நிறுவனங்களே கும்பலோடு உறவாடுகின்றன என்றால் ஜப்பான். யாகுசா எனப்படும் அந்நாட்டுக் குற்றக் கும்பல்களுக்கு ஆதாயம் தரும் வணிகரையும் பொறுப்பாக்கும் விதிகள் 2011-க்குள் அங்கே எல்லா மாகாணங்களுக்கும் வந்துவிட்டன. மூன்றையும் பத்தே நாளில் பார்த்துவிடலாம் என்பவர் சுற்றுலா நிறுவனத்திடம் போகலாம்.

பலெர்மோ என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதம் வேண்டாம். 1 முதல் 31 வரை நீதிமன்றங்களில் அவசர வழக்குகள் தவிர மற்றவை நகராது. 15-ஆம் தேதி பெரிய விடுமுறை. நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் கடற்கரையில் இருப்பார்கள்.

காகித வேலையில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அழைப்பவர்கள் தங்கும் செலவை ஏற்றால், வெளிநாட்டு விருந்தோம்பலுக்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியும் வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிப்பார்கள்.

யாரை அனுப்புவது என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். ஆறு மாதத்தில் ஓய்வு பெறுபவருக்குப் பிரியாவிடைப் பரிசாக இந்தப் பயணத்தைக் கொடுக்காதீர்கள். வழக்கை நடத்தும் டிஎஸ்பி, அரசு வழக்கறிஞர், கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த ஒருவர், இந்த மூவர் போதும். மூன்றாமவர் ஏன் என்றால், இத்தாலியின் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கியதோடு நிற்கவில்லை, சொத்திலும் கைவைத்தது. அதை முன்மொழிந்த பியோ லா தோரே அந்த ஏப்ரலில் கொல்லப்பட்டார். சட்டம் செப்டம்பரில் நிறைவேறியது. 1996-இல் வந்த இன்னொரு சட்டம், பறித்த வீட்டையும் நிலத்தையும் பொதுப் பயனுக்குக் கொடுக்க வழி செய்தது. பலெர்மோ அருகே சான் ஜுசெப்பே யாத்தோ என்ற ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட நிலத்தில் கூட்டுறவுச் சங்கம் திராட்சை பயிரிடுகிறது. மாநாட்டு அறையில் ஸ்லைடு பார்ப்பதைவிட அந்த வயலில் ஒரு காலை நிற்பது மேல்.

மொழிபெயர்ப்பாளருக்குச் சட்டம் தெரியாவிட்டால் அத்தனையும் வீண். தற்காலிக முடக்கத்தையும் இறுதிப் பறிமுதலையும் அவர் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால், திரும்பி வந்து எழுதும் அறிக்கை முழுவதும் பிழையாகிவிடும். ‘புதிய சட்டம் தேவை’ என்று அந்த அறிக்கையை முடிக்கவும் வேண்டாம். திட்டமிட்ட குற்றங்களுக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 111-ஆம் பிரிவு இருக்கிறது. அதை நடத்திக்காட்டும் முறையைத்தான் கேட்டு வர வேண்டும்.

சீருடைக்காரர்களை மட்டும் சந்தித்துவிட்டுத் திரும்புவதும் பெருந்தவறு. அங்கே மாமூலுக்குப் பெயர் ‘பிட்சோ’. கொடுக்க மறுத்த கடைகளைப் பட்டியலிட்டு, அங்கேயே வாங்குங்கள் என்று மக்களிடம் சொல்லும் ‘அத்தியோபிட்சோ’ இயக்கம் 2004-இல் தொடங்கியது. அந்தக் கடைக்காரர்கள் இருவரோடு பேச நேரம் ஒதுக்குங்கள்.

வியா அல்ஃபியெரி தெருவுக்கும் அரை மணி நேரம் வையுங்கள். லிபெரோ கிராஸ்ஸி என்ற ஆடைத் தொழிற்சாலை முதலாளி, தன்னை மிரட்டிப் பணம் கேட்டவருக்கே, தர மாட்டேன் என்று 1991 ஜனவரியில் செய்தித்தாளில் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 காலை அந்தத் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே கைப்பட எழுதிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஆண்டுதோறும் குடும்பத்தினர் புதிதாக ஒட்டுகிறார்கள். அதில் கொன்றவர்கள் வரிசையில் மாஃபியாவுக்கு அடுத்து, வாய் திறக்காத தொழிலதிபர் சங்கமும், கண்டுகொள்ளாத கட்சிகளும், வராமல் போன அரசும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளரை அந்தக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லுங்கள்.