ஐசியூ வாசலில் துணைக்கு வந்த கதைகள்

அப்பா அறுவைச் சிகிச்சை முடிந்து ஐசியூவில் இருந்தபோது புதிய நாவல் எதுவும் எனக்கு ஓடவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் கதையிலும் வேண்டாம் என்றிருந்தது. கைகொடுத்தது ரசிகர் புனைவுதான், அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள். வந்தியத்தேவனும் குந்தவையும் சண்டை போட்டுச் சமாதானமாகும் சின்னச் சின்னக் கதைகள். கல்கி 1954-ல் முடித்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வாசகர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், எவ்வளவு அன்பு!

ரசிகர் புனைவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் (AO3) என்ற இணையதளத்தில் தேடும்போது, முக்கியப் பாத்திரம் இறந்துபோகும் என்ற எச்சரிக்கை உள்ள கதைகளை முதலிலேயே விலக்கிவிடலாம். முற்றுப்பெற்றவற்றை மட்டும் காட்டவும் சொல்லலாம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், பாதியில் நிற்கும் கதையை அந்த நேரத்தில் மனசு தாங்காது. ஐசியூ வாசலில் சிக்னல் கிடைக்காததால் இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன்.

அப்புறம், ஒரு கதைக்குப் பாராட்டு எழுதப்போய்ப் பழக்கமான டொராண்டோ அக்கா. எனக்கு நள்ளிரவு என்றால் அவருக்குப் பகல். "தைரியமா இரு" என்று அவர் சொன்னதே இல்லை. "சாப்பிட்டியா? சரி, மூணாவது அத்தியாயம் படிச்சியா?" என்பார். உறவினர்களுக்கெல்லாம் நிலவரம் சொல்லிக் களைத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி பெரிய ஆசுவாசம். அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றியதும் அவருக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன்.