பண்ணையோடு நிலம் வாங்கப் போகிறீர்களா?

ஈரோடு, நாமக்கல் பக்கம் ‘கிணறு, மாட்டுக் கொட்டகையுடன் தோட்டம் விற்பனைக்கு’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், முதலில் தண்ணீரைப் பாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு எந்தக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் போய் மோட்டாரை ஓடவிட்டு, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூட்டுக் கிணறு என்றால் பங்கு எவ்வளவு, முறை எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றும் கேளுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனமாவது வேண்டும்; அதை விளைவிக்கத் தண்ணீர் வேண்டுமே!

பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) எல்லாம் இணையத்திலேயே எடுக்கலாம். ஆனால் பால் வண்டி வரும் பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்துத் தோட்டக்காரர் தயவில் ஓடுகிறதா? பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், பண்ணையோடு சேர்த்துத் தரும் பழைய சாமான்களுக்குத் தனி விலை பேசுங்கள். புல் நறுக்கும் இயந்திரத்தில் கொஞ்சம் சோளத்தட்டு கொடுத்துப் பாருங்கள். துண்டாகாமல் நார் நாராகக் கிழிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பால் கேனை மூடி திறந்து முகர்ந்து பாருங்கள். கழுவியும் புளித்த வாடை போகாதது வேண்டாம்.