அயல்நாட்டுச் சபையிடம் விடைபெறும் முறை

1816-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே, இன்றைய குமரி மாவட்டத்திலுள்ள மயிலாடியை விட்டுப் புறப்பட்டபோது, சபைப் பொறுப்பை உள்ளூர்க்காரரான வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். குமரி மாவட்டத்திலிருந்து அயல்நாடு சென்று ஊழியம் செய்து திரும்புவோரும் ஒப்படைப்பிலிருந்தே தொடங்குவது நல்லது. புறப்படும் செய்தியை முதலில் சபை மூப்பர்களிடம் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, சாவிக்கொத்து ஆகியவற்றை அவர்கள் முன்னிலையில் சரிபார்த்து, ஒவ்வொரு சாவியிலும் எந்தப் பூட்டுக்குரியது என்று அந்நாட்டு மொழியிலேயே எழுதிக் கட்டி, கையொப்பம் பெற்றுக் கொடுங்கள். மனத்தாங்கல் உள்ளவர்களையும் படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் வீடு தேடிச் சென்று பாருங்கள். பிரிவுபசாரக் கூட்டத்தைவிட இதுவே முக்கியம். (பொன்னாடையும் நீண்ட வாழ்த்துரையும் நம்மூர் வழக்கம், அங்கே அவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.) கடைசி ஆராதனையை உள்ளூர்ப் போதகரே நடத்தட்டும். திரும்பி வருவதாக உறுதியில்லாமல் வாக்களிக்காதீர்கள். ஊர் வந்து சேர்ந்த பின், அச்சபையின் வழக்குகளுக்குத் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.