புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு திசுக் குறியீடுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக அகற்றிய பிறகு நோயாளியும் குடும்பத்தாரும் முதலில் கேட்பது, நோய் திரும்ப வருமா என்பதைத்தான். அகற்றிய திசுவின் புரதங்களையும் மரபணுக்களையும் ஆராய்ந்து அதற்கு விடை தேடும் சோதனைகள் இன்று பல உள்ளன; அவை அளப்பவற்றையே திசுக் குறியீடுகள் என்கிறோம். அவற்றைப் படிப்பதில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, வழக்கமான நோயியல் அறிக்கை சொல்லிவிட்டதற்கு மேல் இந்தக் குறியீடு கூடுதலாக என்ன சொல்கிறது என்று கேட்காமல் விடுவதாகும்.

க்ளீசன் மதிப்பெண் (நுண்ணோக்கியில் தெரியும் திசு அமைப்பைக் கொண்டு புற்றுநோயின் தீவிரத்துக்குத் தரும் தரம்), கட்டி சுரப்பிக்கு வெளியே பரவியிருத்தல், விந்துப்பையில் ஊடுருவல், வெட்டு விளிம்பின் நிலை (அகற்றிய திசுவின் ஓரம்வரை புற்றுநோய் உள்ளதா என்பது), நிணநீர்க் கணுக்கள், அறுவைக்கு முந்தைய பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) அளவு ஆகியவற்றைக் கூட்டி, நோய் திரும்பும் வாய்ப்பைக் கணக்கிடும் காப்ரா-எஸ் மதிப்பெண்ணுக்குத் தனியாக எந்தச் சோதனையும் தேவையில்லை. செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 புரதம் மிகுந்த கட்டிகள் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மையே. ஆனால் அத்தகைய கட்டிகளின் க்ளீசன் மதிப்பெண்ணும் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். எனவே ஒரு குறியீட்டைத் தனியாக வைத்துப் பார்த்துப் பாராட்டும் ஆய்வை நான் ஏற்கத் தயங்குவேன். காப்ரா-எஸ் போன்ற கணக்கோடு சேர்த்த பிறகும் கணிப்பு மேம்படுகிறதா என்பதே அதற்குரிய தேர்வு.

நோய் தோன்றுவதில் பங்குள்ள மாற்றம் நோயின் போக்கையும் சொல்லிவிடும் என்று கருதுவது இன்னொரு தவறு. 2005-இல் கண்டறியப்பட்ட டிஎம்பிஆர்எஸ்எஸ்2–ஈஆர்ஜி மரபணு இணைவு (இரு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் மாற்றம்), ஐரோப்பிய வம்சாவளியினரின் கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் காணப்படுகிறது. ஆயினும் அறுவை செய்துகொண்ட 1,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், நோய் திரும்புவதையோ அதனால் நேரும் இறப்பையோ இந்த இணைவு முன்னறிவிக்கவில்லை.

மாதிரி எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஒரே சுரப்பியில் தனித்தனியாகத் தோன்றிய பல கட்டிகள் இருப்பது வழக்கம். கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் பிடென் மரபணுவின் இழப்பு அவற்றுள் ஒன்றில் மட்டும், அதிலும் ஒரு பகுதியில் மட்டும் இருக்கக்கூடும். 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் திசுத் துண்டைப் பார்த்து இழப்பு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அதேபோல், ஒரு தரவிலேயே மிகச் சாதகமான வெட்டுப்புள்ளியை (குறியீட்டின் அளவை உயர்வு, தாழ்வு என்று பிரிக்கும் எல்லை மதிப்பை) தேடிப் பிடித்து, அதே தரவில் அதன் திறனை மெய்ப்பிப்பது பெரும்பாலும் மிகைப்பட்ட முடிவையே தரும். வெட்டுப்புள்ளியை எப்படித் தேர்ந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று கட்டிக் குறியீட்டு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று கூறும், 2005-இல் வெளியான ரிமார்க் வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

எதைக் கணிக்கிறோம் என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி மறுசோதனையிலும் உறுதியானால் அதை மறுவரவு என்கிறோம். ஆனால் 1999-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், அந்த உயர்விலிருந்து தொலைப்பரவல் (உடலின் தொலைவான பகுதிகளுக்குப் புற்றுநோய் பரவுதல்) தெரிய ஆன இடைநிலைக் (மீடியன்) காலம் 8 ஆண்டுகள். பிஎஸ்ஏ உயர்வைக் கணிக்கும் குறியீடு மரணத்தையும் கணிக்கும் என்று கொள்ள முடியாது.

22 மரபணுக்களை அளக்கும் டெசைஃபர் சோதனை தொலைப்பரவலுக்கான ஆபத்தை மதிப்பிடுகிறது. அம்மதிப்பெண் உயர்ந்திருப்பது மட்டுமே, உடனடிக் கதிர்வீச்சால் அந்த நோயாளி பயனடைவார் என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பயனை, நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்தும் ஆய்வுகளில்தான் உறுதிசெய்ய முடியும்.