வீட்டில் தெரிந்தது வேறு, வினாத்தாளில் இருப்பது வேறு

தண்டையார்பேட்டையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கில் தடுமாறாதவர்கள்கூட “இந்தக் கூற்றிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம்?” என்ற கேள்வியில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். தெரியாததால் அல்ல, கூடுதலாகத் தெரிந்திருப்பதால்.

போன வாரம் கொடுத்த கூற்று இது: தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை.

அ) மே மாதம் காசிமேட்டில் மீன் கிடைக்காது.
ஆ) தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்.
இ) தடையை மீறாமலே அந்த நாள்களில் மீன்பிடிக்கக்கூடிய படகுகள் உண்டு.
ஈ) தடையால் மீன்வளம் பெருகியிருக்கிறது.

பாதிப் பேருக்கு மேல் ‘ஆ’. காசிமேட்டுப் பிள்ளைகளாயிற்றே, மே மாதம் வஞ்சிரம் என்ன விலை விற்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. ஆனால் கூற்றில் விலை என்ற பேச்சே இல்லை. ‘அ’ போட்டவர்கள் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டிவிட்டார்கள். மீன்கள் இனம் பெருகட்டும் என்றுதான் தடை போடுகிறார்கள். பெருகியதா என்று கூற்று சொல்லவில்லை. அதனால் ‘ஈ’யும் நிற்காது.

விடை ‘இ’. “இதைச் சொல்ல ஒரு கேள்வியா அண்ணா?” என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், சரியான விடை பல சமயம் இப்படிச் சப்பென்றுதான் இருக்கும். சந்தேகம் வந்தால் நான் சொல்லும் வழி இது: கடலையே பார்க்காத ஒரு பையன் இந்த இரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு அந்த விடையைச் சொல்ல முடியுமா? விலையைச் சொல்ல முடியாது. ‘இ’யைச் சொல்லிவிடுவான்.

அடுத்தது, தலைகீழாகப் படிப்பது. “பலத்த மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடுவார்கள்” என்று கொடுத்தால், பாதை மூடியிருப்பதைப் பார்த்து மழை பெய்தது என்று முடிவு கட்டக் கூடாது. பராமரிப்பு வேலைக்காகவும் மூடியிருக்கலாம். பாதை மூடவில்லை என்றால் பலத்த மழை இல்லை என்பது மட்டும் நிற்கும்.

அப்புறம் அளவுச் சொற்கள். கூற்றில் ‘சில’ இருந்து விடையில் ‘பெரும்பாலான’ வந்தால் உடனே அடித்துவிடலாம். அதற்காக ‘எல்லா’, ‘ஒருபோதும்’ என்று வரும் விடைகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவதும் தவறுதான். கூற்றே ‘எல்லா’ என்று சொல்லியிருந்தால் விடையிலும் அது இருக்கலாம்.

கேள்வியின் கடைசி வரியையும் பாருங்கள். ‘உறுதியாக உண்மை’ என்று கேட்டால், கூற்று உண்மையாக இருக்கும்போது அந்த விடை பொய்யாக ஒரு வழிகூட இருக்கக் கூடாது. ‘பெரும்பாலும் உண்மை’ என்றால் அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் கூற்றில் அதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஆதாரம் வேண்டும். அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டுவிட்டுத்தான் நாங்கள் விடைகளுக்கே போகிறோம்.