பொழுதுபோக்குக்காகச் சொந்த அணை வைத்திருப்போர் அதன் பாதுகாப்பைக் கவனிப்பது எப்படி?

படகு விடவும் தூண்டில் போடவும் ஓர் ஓடையை மறித்து மண்கரை எழுப்பிக்கொண்டவர்கள் அந்த நீர்ப்பரப்பை ஏரி என்றோ குளம் என்றோதான் அழைக்கிறார்கள். தங்களிடம் ஓர் அணை இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் அணையை வைத்திருந்த செல்வந்தர் மன்றத்தினரும் அப்படித்தான் இருந்தார்கள். கரையின் மேல் குதிரைவண்டிகள் தாராளமாகச் செல்வதற்காக அதன் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன்கள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, மிகைநீர் வெளியேறும் வழியான கலிங்கின் குறுக்கே வலைத்தடுப்பு வைத்தார்கள். முந்தைய உரிமையாளர் கழற்றிவிட்ட வடிகுழாய்களுக்கு மாற்றாக எதையும் பொருத்தவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைக்கு மேல் வழிந்து கரை உடைந்தது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரம் வரை வெள்ளம் அடித்துச் சென்றதில் 2,209 பேர் இறந்தனர். அந்த மூன்று காரியங்களிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஓய்வுக்காக வந்தவர்களின் வசதிதான் இருந்தது. சிறிய தனியார் அணையின் உரிமையாளர் முதலில் ஐயப்பட வேண்டியது அந்த வசதியைத்தான்.

கரையைப் பார்க்கப் போகும் முன் உங்கள் அணை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தில் 25,000 கன மீட்டருக்கு மேல் தேக்கும் நீர்நிலைகள் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் அணை இத்தகைய வரம்புக்குக் கீழே இருந்தால் ஆய்வாளர் வரமாட்டார் என்பது மட்டுமே அதன் பொருள், பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பே ஒரு தனியார் நீர்த்தேக்கத்தைப் பற்றியதுதான். ஆலைக்காகக் கட்டிய தேக்கத்தின் நீர் பழைய சுரங்கக் குழிகள் வழியே அண்டை வீட்டுக்காரரின் சுரங்கத்தில் புகுந்தது. உரிமையாளர் நேரடியாகக் கவனக்குறைவாக இருந்தார் என்று நிறுவப்படாதபோதும் இழப்பு அவர் தலையிலேயே விழுந்தது.

அரசின் அணைப் பதிவேட்டில் உங்கள் அணைக்கு ஓர் ஆபத்து வகை குறிக்கப்பட்டிருக்கலாம். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உயர் ஆபத்து என்ற வகை கரை பழுதாக இருக்கிறது என்று சொல்வதில்லை. கரை உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேரும் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே நீங்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் இருந்தாலும், கீழ்ப்பக்கத்தில் யாரோ நான்கு வீடுகள் கட்டினால் உங்கள் அணையின் வகை உயர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓடையின் வழியே கீழ்நோக்கி நடந்து, புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து வருவது நல்லது.

கரை ஆய்வுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை; ஒரு நோட்டு, அளவு நாடா, புகைப்படம் எடுக்க ஒரு கைபேசி, நீளமான கம்பு ஆகியவை போதும். மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும், நிலம் அதிர்ந்தால் உடனேயும் நடந்து பாருங்கள். புதிய கரையில் முதல் முறையாக நீர் நிரம்பும் நாள்களில் தினமும் பார்க்க வேண்டும், ஏனெனில் மறைந்திருக்கும் குறைகள் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படும். முதலில் கரையின் உச்சியில் நேர்க்கோட்டில் நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். நடுவில் தாழ்ந்திருந்தால் வெள்ள நாளில் நீர் முதலில் வழிவது அங்கேதான். உச்சியில் நீளவாக்கில் ஓடும் விரிசல் சரிவு நழுவத் தொடங்கியதைக் காட்டலாம். குறுக்கே ஓடும் விரிசல் நீருக்கு நேர்வழியாகிவிடும் என்பதால் அதைவிடக் கவலைக்குரியது. பிறகு நீர் தேங்காத பக்கத்துச் சரிவான வெளிச்சரிவை மேலும் கீழுமாக, ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தரை முழுவதும் கண்ணில் படும்படி நடக்க வேண்டும். புல் இடுப்பளவு வளர்ந்திருந்தால் ஆய்வு செய்ததாக எழுதாதீர்கள். முதலில் புல்லை வெட்டுங்கள்.

வெளிச்சரிவின் அடியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு இருக்கிறதா என்பதைவிட அது எவ்வளவு, எந்த நிறம், சென்ற மாதத்தைவிடக் கூடியதா என்பவைதான் முக்கியம். கசியும் நீரை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, அளவு தெரிந்த வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து, அதே வரியில் அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள். நீர்மட்டம் உயரும்போது கசிவு கூடுவது இயல்பு. நீர்மட்டம் மாறாமலே கசிவு கூடினால் கரைக்குள் ஏதோ மாறுகிறது. தெளிந்த கசிவு கலங்கி வந்தால், நீர் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அது அன்றே பொறியாளரை அழைக்க வேண்டிய நிலை. அடியில் மணல் கொப்பளித்துச் சிறு கூம்பாகக் குவிந்தால், கண்டவுடன் அதை அடைத்துவிடக் கை பரபரக்கும். அடைக்கக் கூடாது, அடைத்த நீர் வேறிடத்தில் வழி தேடும். சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் சற்று உயர்ந்து நிற்கும்படி செய்து, நீர் தெளிவாக வெளியேற விட வேண்டும்.

மரங்களைப் பற்றிச் சொன்னால் பலருக்கும் மனம் வருந்தும். கரையோர நிழல் அழகுதான். ஆனால் காற்றில் ஒரு பெருமரம் வேரோடு சாய்ந்தால் கரையின் ஒரு பகுதியையும் பெயர்த்துக்கொண்டு போகும், பட்டுப்போன மரத்தின் வேர்கள் மக்கி நீருக்குச் சுரங்கவழி ஆகும். செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவது சுலபம். பெரிதாகிவிட்ட மரத்தை நீங்களாகவே வெட்டி அடியை விட்டுவிடாதீர்கள்; அடிக்கட்டையையும் பெரு வேர்களையும் எடுத்து அந்தக் குழியை மண்ணிட்டு இறுக்கும் வேலையைப் பொறியாளர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். எலி, நண்டு முதலியவற்றின் வளைகளுக்கும் இதுவே பொருந்தும்.

கலிங்கில் வலை, பலகை, மிதவைக் கயிறு எதுவும் கூடாது. கோடையில் படகுக்கு ஆழம் போதவில்லை என்று கலிங்கின் மேல் பலகை வைத்து மட்டத்தை உயர்த்துவது மிகப் பரவலான பழக்கம். அதை எடுக்க மறந்த இரவில்தான் மழை வரும். கலிங்கின் வாயையே தூர்த்துவிடும் உரிமையாளர்களும் உண்டு. ஹவாயின் காவாய் தீவில் 2006 மார்ச் 14 அன்று கா லோகோ அணை உடைந்து ஏழு பேர் இறந்தபோது, வேலை செய்யும் கலிங்கு அங்கே இல்லாததையே விசாரணை முதன்மையாகச் சுட்டியது.

கரைக்கு அடியில் போகும் வடிகுழாய் கண்ணுக்குத் தெரியாததால் மறக்கப்படுகிறது. நெளி இரும்புத் தகட்டால் ஆன குழாய் சில பத்தாண்டுகளில் துருப்பிடித்து ஓட்டையாகும். அதன் வழியே மண் உறிஞ்சப்பட்டுக் கரையின் மேல் பள்ளம் விழும். குழாயின் வெளிமுனையைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். குழாயைத் திறந்து மூடும் திருகுச் சக்கரத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுற்றித் திறந்து மூடுங்கள். முழுவதும் வடிக்க வேண்டி வந்தால் அவசரப்படாதீர்கள். நீர்மட்டம் வேகமாக இறங்கினால் ஈரம் நிறைந்த உட்சரிவு நழுவும், எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. கரை உடையும் தறுவாயில் இந்த வரம்பு பொருந்தாது. அப்போது பொறியாளர் சொல்வதே முடிவு.

அரசு ஆய்வாளர் வருவதையே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அவர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, சில மணி நேரம் வருவார். வறண்ட நாளில் வந்தால் கசிவே தெரியாமல் போகலாம். உங்கள் நோட்டும், ஒரே இடத்திலிருந்து மாதந்தோறும் எடுத்த படங்களும்தான் அவருக்கு அணையின் வரலாற்றைச் சொல்லும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பைபிள் கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து 39 பேர் இறந்தனர்; சில ஆண்டுகளுக்கு முன்பே அதன் வெளிச்சரிவில் மண் நழுவியிருந்தது ஒரு புகைப்படத்தில் பதிவாகியிருந்தது. படம் இருந்தது, அதை வைத்து எவரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகே தனியார் உள்ளிட்ட மத்திய அரசு சாராத அணைகளை ராணுவப் பொறியாளர்கள் ஆய்வு செய்ய ஜனாதிபதி கார்ட்டர் ஆணையிட்டார். ஆய்வு அறிக்கை உங்கள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதுங்கள். தேதி இல்லாத குறை அடுத்த அறிக்கையிலும் அப்படியே இருக்கும்.

அவசரத் திட்டம் ஒரே தாளில் அடங்கினால் போதும்: உடைந்தால் நீர் எங்கெங்கே, எத்தனை நிமிடத்தில் சேரும் என்ற வரைபடம், அங்கே வசிப்பவர்களின் எண்கள், மீட்புத் துறையின் எண், எந்த அறிகுறிக்கு யாரை எழுப்ப வேண்டும் என்ற வரிசை. இரவு இரண்டு மணிக்கு அழைப்பவர் நீங்கள் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், அந்தத் தாளைப் படகுத்துறைக் காவலரும் படித்துப் பழகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா எண்களுக்கும் உண்மையிலேயே அழைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டாவது மாறியிருக்கும்.

பழுதுபார்க்கும் செலவு உங்களால் முடியாதது என்று தெரிந்தால், கரையை முறையாக வெட்டி ஓடையை மீட்டெடுப்பதும் ஒரு வழி. அதற்கும் அனுமதியும் பொறியாளரும் தேவை, ஏனெனில் அடியில் படிந்த வண்டல் ஒரே நாளில் கீழே போய்விடக் கூடாது. நிலத்தை விற்பதானால் நோட்டு, படங்கள், அறிக்கைகள் அனைத்தையும் பத்திரத்தோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.