வேலையை விட்டு நீக்கியவரை வாசல் வரை கூட்டிப்போவது எப்படி

ஒருவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அவரது சீட்டுக்குக்கூடத் திரும்ப விடாமல் செக்யூரிட்டியோடு வெளியே அனுப்புவதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையும். நேற்று வரை சர்வர் பாஸ்வேர்டையே நம்பிக் கொடுத்திருந்த ஆளை இன்று திருடனைப்போல நடத்துவானேன்?

காரணம் இல்லாமல் இல்லை. 2008 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனம் ஓர் ஒப்பந்தப் பொறியாளரை நீக்கியது. விஷயத்தைச் சொன்னது மதியம், லாகினை மூடியதோ இரவு. இடையில் கிடைத்த நேரத்தில் அவர் குறித்த நாளில் தானாக ஓடி எல்லாவற்றையும் அழிக்கும் ஒரு ஸ்கிரிப்டை (சின்ன நிரலை) சர்வருக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். 2009 ஜனவரி 31 அன்று அது ஓடியிருந்தால் சுமார் 4,000 சர்வர்கள் துடைத்துப்போட்டதுபோல ஆகியிருக்கும். இன்னொரு பொறியாளர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். 2018இல் சிஸ்கோ என்ற நெட்வொர்க் கம்பெனியில் நடந்தது இன்னும் விசேஷம்: ராஜினாமா செய்து ஐந்து மாதம் ஆன ஒருவர் வெளியிலிருந்தே உள்ளே நுழைந்து 456 மெய்நிகர் கணினிகளை (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினிகளை) அழித்தார். அவரை எத்தனை காவலர்கள் வாசல் வரை கொண்டுபோய் விட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். அதனால் முதலில் மூட வேண்டியது லாகினை. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால், கூட்டிப்போகும் வேலையைக் கொஞ்சம் மனிதத்தன்மையோடு செய்ய இடம் கிடைக்கும்.

சரி, அந்த வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. டீமில் ஒரே ஒருவரிடம் நேரத்தைச் சொல்லி வையுங்கள். நீங்கள் அறைக்குள் பேச ஆரம்பிக்கும்போது லாகின் மூட வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். பாஸ்வேர்டை மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஹெல்ப்டெஸ்குக்கு போன் போட்டு, அந்தப் பையன் வாயிலிருந்து தன் வேலை போன சேதியைத் தெரிந்துகொண்டவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய சொந்த போனில் ஆபீஸ் மெயில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போன் மொத்தமும் காலியாகி, குழந்தைகளின் படங்களும் சேர்ந்து போய்விடலாம்.

கூடப் போவது யார் என்பதுதான் பெரிய விஷயம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் வேண்டாம், அவரோடு சண்டை போட்ட மேனேஜர் வேண்டவே வேண்டாம். எச்.ஆரிலிருந்து முகம் தெரிந்த ஒருவர் போதும். சீருடைக்காரர் தூரத்தில் நிற்கட்டும். மிரட்டல் ஏதாவது விட்டிருந்தால் கதை வேறு, அப்போது செக்யூரிட்டியை முன்கூட்டியே பக்கத்தில் நிறுத்தத்தான் வேண்டும்.

பொருள்களை இப்போதே எடுத்துக்கொள்கிறாரா, பிறகு வீட்டுக்கு அனுப்பவா என்று அவரையே கேளுங்கள். எல்லாரும் திரும்பிப் பார்க்க அட்டைப்பெட்டியில் அள்ளிப்போடப் பலருக்கு மனசு வராது. எதுவானாலும் பர்ஸ், வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, மாத்திரை, கண்ணாடி இந்த ஐந்தும் அன்றே கையில் இருக்க வேண்டும். ஒருமுறை நான் கூட்டிப்போனவர் கேட் வரை வந்தபிறகு சட்டைப்பையைத் தடவினார். மாடிக்கு ஓடினேன். பாதி அடித்த மெயிலைப் படித்துக்கொண்டே கழற்றி வைத்திருப்பார் போல, கண்ணாடி கீபோர்டு மேலேயே விரிந்தபடி கிடந்தது.

நடக்கும்போது பின்னால் வராதீர்கள், பக்கத்தில் நடங்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். லிஃப்டில் மௌனமாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. எதற்காகக் கூட வருகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: நாளைக்கு ஒரு ஃபைல் காணோம் என்றால் பழி அவர்மேல் விழாமல் இருக்கவும் நீங்கள்தான் சாட்சி. அவர் பொருள்களை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று, அதனால் கேட்டில் பையைத் திறக்கச் சொல்லி இன்னொரு அவமானம் வேண்டாம், காவலரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஐ.டி. கார்டை அங்கேதான் வாங்க வேண்டும். வண்டி வரும்வரை கூட நில்லுங்கள். அப்புறம், கடைசிச் சம்பளம், சான்றிதழ் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு பெயரும் நம்பரும் தாளில் எழுதிக் கொடுங்கள். "விவரமெல்லாம் உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்லித் தொலைக்காதீர்கள், அதைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் மூடியிருக்கிறீர்கள்.